இரை வைக்காதீர்கள், இருக்கும் இரையை எடுங்கள்: சேர்வராயன் அடிவாரத்தில் புதிதாகப் பயிர் செய்வோருக்குக் காட்டுப்பன்றி வழிகாட்டி

எட்டு மாதம் களை எடுத்து, தண்ணீர் கட்டி வளர்த்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் புரட்டிப் போட்டிருக்கும். விடிந்ததும் வரப்பில் நின்று அதைப் பார்ப்பவருக்கு வயிறு எரியும். குப்பனூர்ப் பக்கமும் டேனிஷ்பேட்டைப் பக்கமும் புதிதாக நிலம் வாங்கிப் பயிர் வைத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அந்த எரிச்சலோடு வரும் கேள்விதான்: என்ன இரை வைத்தால் பன்றி வரும், எங்கே வைத்தால் மாட்டும்?

கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. என் இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டிலும் (மேட்டு நிலத்தை இங்கே காடு என்போம்) அது நடந்திருக்கிறது. ஆனாலும் என் பதில் மாறியதில்லை. நீங்கள் புதிதாக இரை எதுவும் வைக்க வேண்டியதில்லை. உங்கள் நிலத்தைச் சுற்றி ஏற்கெனவே பத்து இடங்களில் இரை கிடக்கிறது, அதை வைத்தது நீங்கள்தான். அதை எடுப்பதுதான் முதல் வேலை. அதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் இதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறானது.

சட்டம் என்ன சொல்கிறது

வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் நஞ்சு வைப்பதும் மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டி மடக்குவது, இரை வைத்து இழுப்பது ஆகியவையும் அடங்கும். இவற்றுக்கான முயற்சியும் வேட்டைதான். ஆகவே பன்றியை மடக்கும் எண்ணத்தோடு வரப்போரத்தில் ஒரு கூடை மாம்பழத்தைக் கொட்டிவைத்தாலே நீங்கள் சட்டத்தின் கண்ணில் வேட்டையாடுகிறீர்கள். பன்றி வந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

2022-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் அதன் இரண்டாம் அட்டவணையில் காட்டுப்பன்றி இப்போது இருக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "என் நிலத்துக்குள் வந்தது, அதனால் பிடித்தேன்" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது.

அப்படியானால் பயிரை அழிக்கும் பன்றிக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வனத்துறையின் கையில் இருக்கிறது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டின் (அரசு பாதுகாக்கும் வனத்தின்) எல்லையிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு நிலங்களை மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் மட்டும், உரிய நடைமுறைப்படி சுடலாம். விவசாயி சுடலாம் என்று இந்த ஆணையில் எங்கும் இல்லை. டீக்கடையில் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனவே நிலம் வாங்கியவுடன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு, உங்கள் நிலத்திலிருந்து காப்புக்காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் பெரும்பாலான மேட்டுக்காடுகள் எல்லைக்கல்லை ஒட்டியே இருக்கின்றன. அதாவது நமக்கு முதல் பகுதிதான் பொருந்தும். சுடுவார்கள், பிடிப்பார்கள் என்று காத்திருந்து பயனில்லை, பயிரைக் காப்பது வேலியும் நம் கவனமும்தான். உங்கள் நிலம் எந்த வனச்சரகத்தில் வருகிறது, சேர்வராயன் வடக்கா தெற்கா டேனிஷ்பேட்டையா என்பதையும் அன்றே கேட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அவுட்டுக்காய்

சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அவுட்டுக்காய் என்ற சொல்லைக் கேள்விப்படாத மலையடிவாரக் கிராமம் இருக்காது. தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து போடுவார்கள், கடித்தவுடன் வாயில் வெடிக்கும். பன்றி உடனே சாவது குறைவு. தாடை கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்றிருந்த ஒரு பெண் யானை இப்படி வெடி வைத்த காயைக் கடித்து, வாய் புண்ணாகி, ஆற்றுக்குள் இறங்கி நின்றபடியே செத்தது. நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. அந்த வெடி யானைக்கு வைத்ததன்று, காட்டுப்பன்றிக்கு வைத்தது.

எங்கள் ஓடைக்கரையில் மேயப் போன ஒரு பசுவுக்கு இதே கதி நேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதன் கீழ்த்தாடை தொங்கியது. கன்று பாலுக்கு முட்டிக்கொண்டு நின்றது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அந்த மாட்டுக்காரர் கடன் வாங்கி அந்த மாட்டை வாங்கியிருந்தார். வைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இரை என்பது யாருக்கு என்று பெயர் எழுதி வைப்பதில்லை. மோப்பம் பிடித்து யார் முதலில் வருகிறாரோ அவருக்கு அது போய்ச் சேர்கிறது. நாய், மாடு, ஆடு, சில நேரம் மாங்காய் பொறுக்கவரும் பிள்ளை.

நஞ்சு கலந்த தீனியும் அப்படித்தான். அதைத் தின்று செத்த உடலைத் தின்னும் நாயும் காகமும் பருந்தும் சாகும். அவுட்டுக்காய் என்று சந்தேகப்படும்படி எதையாவது நிலத்தில் கண்டால் தொடாதீர்கள், குச்சியால் தள்ளியும் பார்க்காதீர்கள். நாயையும் மாட்டையும் கட்டிப்போடுங்கள், சற்றுத் தள்ளி ஒரு கொம்பை நட்டுத் துணி கட்டி அடையாளம் வையுங்கள், காவல் நிலையத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

வந்தது பன்றிதானா?

கிழங்கைத் தின்றது எது என்று தெரியாமல் செய்யும் செலவு வீண். குச்சிக்கிழங்கைப் பன்றியும் தின்னும், முள்ளம்பன்றியும் தின்னும், பெருச்சாளியும் தின்னும். மூன்றுக்கும் தடுப்பு வேறு.

பன்றி மூக்கால் உழும். மண் உழவு சால் போலத் தொடர்ச்சியாகப் புரண்டிருக்கும், செடி வேரோடு சாய்ந்து கிடக்கும், கிழங்கு துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். முள்ளம்பன்றி ஒரு செடியின் அடியில் மட்டும் குழி பறித்து, கிழங்கைப் பல்லால் சுரண்டியிருக்கும். பக்கத்தில் முள் உதிர்ந்து கிடக்கலாம். பெருச்சாளி வளை போட்டு அடியிலிருந்து வரும், மேலே செடி நின்றபடியே வாடும்.

குளம்புத் தடத்தையும் பாருங்கள். ஆட்டின் தடம் போல இரண்டு பிளவுதான், ஆனால் சற்று அகன்றது. ஈர மண்ணில் பின்பக்கம் இரண்டு சிறு குத்துகள் கூடுதலாகப் பதிந்திருக்கும், அவை பன்றியின் பின் குளம்புகள். ஓடையில் சேற்றுக்குழி இருந்தால், அதை ஒட்டிய மரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பன்றிக்கு வியர்வை வழியாக உடம்பைக் குளிர்விக்க முடியாது. அதனால் சேற்றில் புரளும், புரண்டபின் மரத்தில் உரசும். அந்தச் சேறு ஈரமாக இருந்தால் நேற்றிரவு வந்திருக்கிறது.

இன்னும் உறுதியாகத் தெரிய ஓர் எளிய வழி உண்டு. நிலத்துக்குள் நுழையக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் மூன்றடி அகலத்துக்கு மண்ணைப் பொடியாகக் கொத்தி, மாலையில் மரக்கிளையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். காலையில் எந்த வழியாக எத்தனை வந்தன, குட்டிகள் உண்டா, எந்த வழியாகத் திரும்பின என்று மண்ணே சொல்லும். ஒரு வாரம் இதைச் செய்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பன்றிகள் மனம்போனபடி வருவதில்லை. ஒரே ஓடை, ஒரே வேலி இடுக்கு, ஒரே தடம். அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தடத்தைப் பார்ப்பதற்காகத் தீனி வைக்காதீர்கள், அது மறுபடியும் இரை வைப்பதில்தான் போய் முடியும்.

நீங்கள் வைத்திருக்கும் இரை

புதியவர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு மிகக் கூர்மை. மண்ணுக்குள் கிடக்கும் நிலக்கடலைப் பருப்பை மேலே நின்று மோந்து எடுக்கும். புளித்த வாசனை என்றால் வெகு தொலைவிலிருந்து வரும். அந்த மூக்கோடு உங்கள் நிலத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

முதலில் திப்பி, அதாவது கிழங்கிலிருந்து மாவை எடுத்தபின் மிஞ்சும் சக்கை. சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகத் திப்பியை வாங்கி வந்து களத்தில் காயப்போடுவது வழக்கம். ஈரத் திப்பி ஒரே நாளில் புளித்துவிடும். மலை இறங்கி வரும் பன்றிக்கு அதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது. காய்ந்த திப்பியை மட்டும் வாங்குங்கள். ஈரமாக வாங்கினால் வீட்டுக்கு அருகில், வெளிச்சத்தில் காயவைத்து, மாலையில் மூடிய அறைக்குள் எடுத்துவையுங்கள்.

அடுத்து உதிர்ந்த பழம். சித்திரை முதல் ஆனி வரை மாந்தோப்பில் விழும் அழுகல் மாம்பழத்தை யாரும் பொறுக்குவதில்லை. மலைமேல் காப்பித் தோட்டங்களில் பலாவும் அப்படியே. தோப்பில் பழம் தின்னப் பழகிய கூட்டம் பழம் முடிந்தவுடன் பக்கத்து நிலத்தில் கடலைக்குள் இறங்கும். தினமும் மாலைக்குள் பொறுக்கி, ஆழக் குழி வெட்டி, மேலே இரண்டடி மண் போட்டு மூடுங்கள். குழியை மூடாமல் விட்டால் தோப்பில் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் குவித்துக் கொடுத்ததாகிவிடும்.

பிறகு அறுவடை மிச்சம். கடலைக்காய் பிடுங்கியபின் மண்ணில் அறுந்து நிற்கும் காய், கிழங்கு பிடுங்கியபின் உடைந்து கிடக்கும் துண்டு, களத்தோரத்தில் கிடக்கும் மக்காச்சோளக் கதிர். பிடுங்கிய அன்றே ஆடு மாடுகளை விட்டு மேயவிடுங்கள், பின் ஓர் உழவு ஓட்டி மீண்டும் பொறுக்குங்கள். விதைப்பிலும் கவனம் வேண்டும். ஆடிப்பட்டத்தில் கடலை விதைத்த முதல் பத்து நாள், விதை முளைத்து இலை விரியும் வரை, பன்றி சால் பிடித்துப் பொறுக்கித் தின்னும். மறுபடி காய் முற்றும் காலத்தில் வரும். மக்காச்சோளத்தில் கதிர் பால் பிடிக்கும் பருவம் ஆபத்தானது. இந்த நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், இரவுக் காவல் அந்த நாள்களுக்கு மட்டும் போதும்.

வீட்டுக் குப்பையும் உண்டு. வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் பண்ணை வீடுகளில் மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் வேலிக்கு வெளியே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சேலத்துக்குத் திரும்பியபின் ஐந்து நாளும் அந்தத் தீனியின் விலையைப் பக்கத்து நிலத்துக்காரர் கொடுக்கிறார். இதைப் படிப்பவர்களில் அப்படிப் பண்ணை வீடு வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து மூடியுள்ள தொட்டியில் மக்கவையுங்கள்.

கடைசியாக மறைவிடம். பன்றி பகலில் உண்ணிச்செடிப் புதருக்குள்ளும் சீமைக்கருவேலத்துக்குள்ளும் படுக்கும். வேலியோரம் பத்தடிக்குப் புதரை வெட்டி வெளியாக்கினால், வெட்டவெளியைக் கடந்து வரத் தயங்கும்.

வேலி

பன்றி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழைவதையே விரும்பும். எனவே உயரத்தில் காசைப் போடாதீர்கள், அடியில் போடுங்கள். கம்பிவலை நான்கடி உயரம் போதும், ஆனால் கீழ்விளிம்பு ஓர் அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் போக வேண்டும். நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. நிலத்தில் பொறுக்கிய கல்லை வலையின் அடியில் அடுக்கிவிடுங்கள். முள்கம்பி என்றால் கீழ்க் கம்பி தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நடுத்தரப் பன்றிகூட ஓர் அடி இடைவெளியில் உடலை நெளித்து நுழைந்துவிடும்.

வலை வாங்கப் பணம் இல்லாதவர் ஓரப்பயிரில் தொடங்கலாம். மக்காச்சோளத்தையும் கடலையையும் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதையுங்கள். பன்றி அதைத் தின்பதில்லை, அதன் வாசனையில் உள்ளே இருக்கும் பயிரின் வாசனையும் மறையும். பயிருக்கு ஒரு மாதம் முன்பே விதைத்தால்தான் உயரம் வரும். பழைய சேலைகளைக் கட்டுவது சில வாரம் பயன்படும், பிறகு பழகிவிடும். தலைமுடி தூவுவது, பாட்டு போட்டுவைப்பது, பட்டாசு எல்லாமே அப்படித்தான். இடத்தையும் முறையையும் நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் கொஞ்சம் நீடிக்கும்.

சூரிய மின்வேலி நன்றாக வேலை செய்யும். மின்கலத்திலிருந்து கருவி அனுப்பும் அதிர்வு நொடிக்கு ஒருமுறை வந்து மறையும், வலிக்கும், கொல்லாது. 2023-ல் தமிழ்நாடு அரசு இந்த வேலிகளுக்குப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது, எனவே போடுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதியும் பதிவும் முடித்துவிடுங்கள். பன்றிக்குக் கீழ்க் கம்பி அரை அடியிலும் அடுத்தது ஒன்றரை அடியிலும் இருக்கட்டும். புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், வேலி வெறும் கம்பியாக நிற்கும். வாரம் ஒருமுறை அடிப்புல்லை அறுக்க முடியாதவர் இதில் பணம் போட வேண்டாம். மலைமேல் நிலம் உள்ளவர்கள் காட்டெருமை வரும் தடத்தைக் குறுக்கே அடைக்காமல் விடுங்கள், அது கம்பத்தோடு சாய்த்துவிட்டுப் போகும்.

கிணற்று மோட்டார் இணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. அது மின்திருட்டு என்பது இருக்கட்டும். அடுத்த நிலத்துக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அதில் மிதித்தால் உயிர் போகும். போயிருக்கிறது, ஒன்றிரண்டு அல்ல.

இரவில் நேருக்கு நேர் வந்தால்

பரண் கட்டிக் காவல் இருப்பவர்கள் இரண்டு பேராக இருங்கள், டார்ச் விளக்கோடு இருங்கள். பெண் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாக வரும். வளர்ந்த ஆண் தனியாக வரும். குட்டியோடு உள்ள தாயும், காயம்பட்ட எதுவும் பாயும். அதன் தந்தம் தொடையைத்தான் கிழிக்கும். விரட்டும்போது மூன்று பக்கம் சத்தம் போட்டு, வந்த வழியை மட்டும் திறந்துவிடுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். நாயை ஏவாதீர்கள், நாய் பயந்து உங்களிடம் ஓடிவரும், பின்னாலேயே பன்றியும் வரும். சத்தம் போட்டும் போகவில்லை என்றால் பரணில் இருந்தபடி விடியும் வரை விட்டுவிடுங்கள். பயிருக்கு விண்ணப்பித்தால் இழப்பீடு வரும்.

இழப்பீடு கேட்பது எப்படி

சேதம் ஆன காலையில் எதையும் திருத்தாதீர்கள். முதலில் படம் எடுங்கள்: வரப்பில் நின்று முழு நிலமும் தெரிய ஒன்று, உழுத இடம் அருகில் ஒன்று, குளம்புத் தடம் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து ஒன்று. அன்றே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல் சேர்த்து வையுங்கள். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். தரிசு என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விதைத்த மாதமே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பதிய வைத்துவிடுங்கள். குத்தகைக்கு உழுபவர் நில உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது. தொகை நட்டத்தை ஈடுகட்டாது, நேரமும் ஆகும். ஆனாலும் கேளுங்கள். எழுதிக் கொடுக்காத சேதம் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத ஊருக்கு வேலி மானியமும் ரோந்தும் வருவது கடினம்.

செத்த பன்றியைக் கண்டால் கிட்டே போகாதீர்கள், இறைச்சி அறுக்க விடாதீர்கள். 2023 சனவரியில் முதுமலைப் பக்கம் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்தன. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் செருப்பில் ஒட்டிய மண்ணோடு பன்றிப் பண்ணைக்குள் போனால் அந்தப் பண்ணையே காலியாகும். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

என் காட்டில் கிழங்கு பிடுங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஓடைப்பக்க இடுக்கில் கொத்திவைத்த மண்ணில் இந்த வாரம் இரண்டு முறை தடம் விழுந்தது. வலையின் அடிவரை வந்து மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. அந்த இடத்தில் இன்று இன்னொரு வரிசை கல் அடுக்கியிருக்கிறேன்.